அல்லது

சமாதானபுரத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
மின்விசிறி மூன்றோடு நின்றுவிடும். நாலு கிடையாது.
பதினாறாம் கேள்வியின் (அ)வுக்கும் (ஆ)வுக்கும் நடுவே
ஒரு சொல் வைக்க வேண்டும்,
அதற்கு இரு புறமும் கோடு.

கோடு எவ்வளவு நீளமென்று நான் சொல்வதில்லை.
நிரப்பு என்கிறேன், அவ்வளவுதான்.
சொல் தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ளும்,
மிச்சத்தைக் கோடுகள் இரண்டும்
சரிபாதி வைத்துக்கொள்ளும்.
வக்கீல் இல்லை. சர்வேயர் வந்து சங்கிலி பிடிக்கவில்லை.
இந்தக் கட்டளையை எழுதியவன் எவனோ,
அவனுக்கு அண்ணன் இருந்திருக்க மாட்டான்.

முதல் அச்சில் கோடு
எழுத்தின் காலடியில் கிடந்தது,
மிதிபட்டு.
தூக்க வேண்டும்.
எக்ஸ் என்னும் எழுத்தின் உயரத்தில் பாதி
என்கிறது கையேடு.
அந்த எக்ஸ் நம் பக்கத்து ஆள் இல்லை.
இங்கே ல் தலையில் புள்ளி சுமக்கிறது,
து கீழே இறங்கி வளைந்து மேலே ஏறுகிறது,
இதில் எது நடு?
கடைசியில் லகரத்தை மட்டும் அளந்தேன்.
அதில் பாதி.
கோடு எழுந்து
சொல்லின் இடுப்புக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன்.
"ஏட்டி கோமு, வெள்ளிக்கிழம பத்து மணிக்கு
ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வந்துரு.
விடுதலைப் பத்திரம் ரெடியா இருக்கு,
நீ கையெழுத்துப் போட்டாப் போதும்.
இல்லன்னா
இனிமே கொடைக்கு நம்ம கோயில் பக்கம் வராத."
ஆவுடையப்பன் எப்போதும் அவனே துண்டிப்பான்.

இல்லன்னா.
பேச்சில் அப்படித்தான் வருகிறது அந்தச் சொல்.

கோயில்பிச்சை சார் படியேறி வந்தார்,
கக்கத்தில் உறைகள், பையில் எவர்சில்வர் ஸ்கேல்.
புரை உரித்த கண்ணைத் தாளுக்கு மேல் கவிழ்த்து
"கோணலா இருக்கேம்மா" என்றார.
அளந்தேன். இடது அறுபத்தெட்டு, வலது அறுபத்தெட்டு.
"ரெண்டும் சமம் சார்."
"கோடு சமந்தான்.
சொல்லு எடப்பக்கமா ஒதுங்கி நிக்கி, பாருங்க."

நின்றது.
மயிரிழை.
இரு பங்கும் சரியாக இருந்து
நடுவில் இருப்பது தள்ளிப் போகுமா?
போகும். தேடினேன்.
சொல்லை அடித்துவிட்டு
அடுத்த வரிக்கு இறங்கியிருக்கிறேன்.
அந்த இறக்கத்தை இயந்திரம்
ஒரு வெற்றிடமென்று எண்ணி, அதற்கும்
இடம் ஒதுக்கியிருக்கிறது.

மருந்து ஒரு சதவீதக் குறி, வரியின் வாலில்.
அதற்குப் பின்னால் என்ன எழுதினாலும்
இயந்திரம் படிக்காது, தாளில் வராது.
என் பழைய கோப்புகளைத் திறந்தால் அங்கங்கே கிடக்கும்:
% பால் பாக்கி இருபத்தெட்டு
% இந்தச் சூத்திரம் தப்பு, சொன்னேன், கேக்கல
% மழை. கரண்ட் போச்சு. திரும்ப முதல்லேர்ந்து.

இன்றைக்கு
அல்லது என்ற சொல்லை ஒட்டி, இடைவெளி விடாமல்
குறியைப் போட்டேன்.
பிறகு:
% எனக்கும் பாதி

ஓட்டினேன்.
பிழை ஏதுமில்லை என்றது திரை.
சொல் நடுவுக்கு வந்தது.

நாளைக் காலை பேட்டைப் பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளை,
ஆலங்குளத்துப் பிள்ளை,
எல்லாரும் இதைத் தாண்டித்தான் போவார்கள்,
கோட்டை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.
(அ)வையும் (ஆ)வையும் இரண்டையும் எழுதிவைக்கிற ஒரு பிள்ளை
வருஷா வருஷம் உண்டு.
முதலில் எழுதியதற்குத்தான் மார்க்.

சார் உறையை ஒட்டி அரக்கை உருக்கினார்.
சொட்டு ஒன்று மேசையில் விழுந்து
அங்கேயே உறைந்தது.
போனில் பேசியது படியில் கேட்டிருக்கும்.
"வெள்ளிக்கிழம லீவு வேணுமாம்மா?"

"யோசிச்சுச் சொல்லுதேன் சார்."